குகை இல்லாத கரையில் வேட்டையாடி வாழ்ந்தவர்கள் எங்கே படுத்தார்கள்?

வாகரை ரீச்சர்:

இலங்கையின் கிழக்குக் கரையில், வாகரைப் பக்கம் ஒரு சிறிய பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். போன கிழமை ஆறாம் தரத்துக்குக் கற்கால மனிதர் பாடம். பாகியங்கல, பட்டதொம்பலென, பெலிலென என்று குகைகளின் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். பாகியங்கலவில் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள், எலும்பில் அம்பு முனை செய்தார்கள், குரங்கும் அணிலும் பிடித்துத் தின்றார்கள் என்று சொல்லிக்கொண்டு போனேன். பின் வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை கையைத் தூக்கினாள். "ரீச்சர், நம்மட பக்கம் குகையே இல்லையே. அப்ப இங்க ஆக்கள் இருக்கல்லையா?"

அந்தப் பிள்ளை வேடர் குடும்பம். தகப்பன் கோடையில் தேனுக்குப் போவார், மற்ற நாளில் களப்பில் வலை வீசுவார். அவள் கேட்டது பாடத்தைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்கு விளங்கியது. "இருந்திருப்பாங்க மகள், தேடிப் பார்த்துச் சொல்றன்" என்று சொல்லிவிட்டேன். ஒரு கிழமையாகத் தேடுகிறேன். கிடைப்பதெல்லாம் குகைதான்.

குகை இல்லாத இடத்தில் கம்பும் இலையும் வைத்துத்தானே இருந்திருப்பார்கள்? அப்படிப்பட்ட ஒரு கொட்டிலை ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகு மண்ணில் எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்கவே முடியாதா?

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அம்மப்பா சோளன் சேனைக்குக் காவல் இருந்தவர். காட்டோரம் ஒரு கொட்டில் கட்டியிருந்தார். நாலு வீரைக் கம்பு, மேலே இலுக்கு, ஒரு பக்கம் மட்டும் மறைப்பு. நடுவில் மூன்று கல் வைத்த அடுப்பு. யானைக்காக அந்த நெருப்பை ரா முழுக்க அணைய விடமாட்டார். நான் சின்னப் பிள்ளையாகச் சோறு கொண்டுபோனால், "மனே, அந்தப் பக்கத்தால வராத, கால்ல குத்தும்" என்பார். எந்தப் பக்கம் என்றும் ஏன் என்றும் இப்போது ஞாபகம் இல்லை. அவர் போய் மூன்று மாரி ஆகிவிட்டது. கொட்டிலும் விழுந்துவிட்டது. மூன்று மாரியில் ஒரு கொட்டில் இப்படி அழியும் என்றால் பத்தாயிரம் மாரியில் என்ன மிஞ்சும்?

கதிரவெளிப் பக்கம் இருக்கும் பழைய கல்லறைகள் இந்த வேட்டை மக்களுடையவைதானா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

எருவில் மண்வெட்டி:

ரீச்சர், நான் தொல்லியல் படித்தவன். சில அகழ்வுகளில் மண் அரிக்கும் வேலை செய்திருக்கிறேன். இப்போது பார்க்கும் தொழில் வேறு, ஆனாலும் இந்த ஆசை விடவில்லை. அந்தப் பிள்ளைக்கு நல்ல பதில் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் கதிரவெளி. அந்தக் கல்லறைகள் பெருங்கற்காலத்தவை. இரும்பு தெரிந்த, மட்பாண்டம் வனைந்த ஆட்களுடைய முறை. நீங்கள் தேடுகிற கல்லாயுத மக்கள் அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முந்தியவர்கள். இரண்டையும் பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

இனிக் குகை. குகைக்குள் மழை படாது, மண் அடுக்கடுக்காகச் சேரும், எலும்பும் நத்தை ஓடும் கொட்டைத் தோலும் அப்படியே கிடக்கும். அதனால் தோண்ட வந்தவர்கள் எல்லாம் குகைக்கே போனார்கள். நம் பக்கத்து மலையடிவாரத்திலேயே, நில்கலவில், பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற சுவிஸ் ஆய்வாளர்கள் இருவர் 1907இல் ஒரு குகையைத் தோண்டினார்கள். ஆகவே "குகையில் வாழ்ந்தார்கள்" என்று நாம் படிப்பதில் பாதி, "குகையில் தேடினார்கள்" என்பதுதான். இலங்கையிலேயே வெளியிடக் குடியிருப்புகள் உண்டு. எம்பிலிபிட்டியப் பக்கம் பெல்லன்பெந்திபலஸ்ஸ வெட்டவெளியில் இருந்த இடம், சுமார் 12,000 ஆண்டு பழையது. தெற்கே புந்தல கரையோர மண்ணில் 28,000 ஆண்டளவில் பழைய நுண்கற்கருவிகள் கிடைத்தன. இலங்கைத் தொல்லியலாளர் சிரான் தெரணியகல இப்படியான தங்குமிடங்களை ஒப்பிட்டுப் பார்த்து, பெரும்பாலும் 50 சதுர மீற்றருக்கு மேல் போகவில்லை, ஒன்றிரண்டு குடும்பங்கள்தான் இருந்திருக்கும் என்று எழுதினார். ஐம்பது சதுர மீற்றர் என்றால் உங்கள் வகுப்பறை அளவு. பிள்ளைகளிடம் அப்படியே சொல்லலாம்: இந்த அறைக்குள் இரண்டு குடும்பம், நடுவில் நெருப்பு.

நம் கரைக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்துக்குச் சுமார் 120 மீற்றர் கீழே இருந்தது. பிறகு ஏறி ஏறி, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்தான் இன்றைய மட்டத்துக்கு வந்தது. அந்தப் பழைய கரையில் யாராவது கொட்டில் போட்டிருந்தால் அது இப்போது கடலுக்கு அடியில். நாம் நடக்கிற மணல்மேடும் களப்பும் அதற்குப் பிறகு உருவானவை. ஆகையால் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை வைத்து ஒருவரும் இருக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது.

சரி, கம்பும் இலையும் மிஞ்சுமா? மிக அரிதாக மிஞ்சும். கலிலேயக் கடல் தெரியும்தானே, வேதாகமத்தில் வருகிற அதே ஏரி. 1989இல் அங்கே தண்ணீர் வற்றியபோது ஓகாலோ என்ற இடத்தில் ஆறு கொட்டில்களின் தரை தெரிந்தது. வயது 23,000 ஆண்டு. கொட்டில்கள் எரிந்திருக்கின்றன, எரிந்த கையோடு ஏரி ஏறி வண்டலால் மூடியிருக்கிறது. கரி ஆனது உக்காது, காற்றுப் படாத சேற்றுக்குள் மற்றதும் உக்கவில்லை. சுவருக்கு வைத்த கிளைகள் எந்த மரத்தவை என்றுகூடச் சொல்ல முடிந்தது. எனக்குப் பிடித்தது ஒரு கொட்டிலின் தரை. நடுவில் நெருப்பு, அதைச் சுற்றிச் சுவரோரமாக மெல்லிய புல்லைப் பரப்பியிருந்தார்கள். படுக்கை அது. நாம் பன்பாய் விரிப்பதைப் போல.

அப்படி அதிர்ஷ்டம் இல்லாத இடத்தில் வேறு வழிகளால் பார்க்க வேண்டும்.

கம்பு நட்ட குழி முக்கியம். கம்பு உக்கினாலும் அந்தக் குழிக்குள் விழுகிற மண் நிறத்திலும் இறுக்கத்திலும் வேறாக இருக்கும். மேல் மண்ணை மட்டமாகச் சீவிக்கொண்டு போனால் கறுத்த வட்டம் ஒன்று தெரியும். தெரிந்ததும் சந்தோசப்படக் கூடாது. மரவேரும் எலிவளையும் கறையான் புற்றும் அதே வட்டத்தைக் காட்டும். வட்டத்தைப் பாதியாக வெட்டிப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். வேர் என்றால் கிளைவிட்டு ஒடுங்கிப் போகும், வளை என்றால் திரும்பும், கம்பு என்றால் ஒரே போக்கில் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். இங்கிலாந்தில் ஸ்டார் கார் என்ற இடத்தில் 2008இல் தோண்டியவர்கள் இப்படி வளையமாக நின்ற குழிகளை வைத்துத்தான் சுமார் 11,000 ஆண்டு பழைய வீடு ஒன்றைக் கண்டார்கள். மூன்றரை மீற்றர் அகலம். உங்கள் அம்மப்பாவின் கொட்டிலும் அவ்வளவு வருமா?

அடுத்தது அடுப்படி. சாம்பலை மழை கொண்டுபோனாலும் நெருப்புக்குக் கீழே சுட்ட மண் சிவந்துபோய் நிற்கும். நெருப்பைச் சுற்றி ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்பதையும் குப்பை காட்டும். லூயிஸ் பின்ஃபோர்ட் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் அலாஸ்காவில் நுனாமியுத் வேட்டைக்காரரோடு கூடப் போய், அவர்கள் நெருப்படியில் இருந்து எலும்பு உடைத்துத் தின்பதை அளந்து அளந்து குறித்தார். சின்னத் துண்டு இருந்த இடத்திலேயே காலடியில் விழுகிறது. பெரிய துண்டை ஆள் முன்னாலோ முதுகுக்குப் பின்னாலோ எறிகிறான். அந்த இரண்டு வளையத்துக்கும் நடுவே வெறுமையாக இருக்கிற இடம், ஆள் இருந்த இடம். அதே மாதிரி படுக்கிற இடத்தில் யாரும் கூரான கல்லை விடமாட்டார்கள். கூட்டித் தள்ளுவார்கள். ஆனால் எவ்வளவு கூட்டினாலும் நகத்தளவு சில்லு தரையில் மிதிபட்டுப் புதைந்துவிடும். அதற்காகத்தான் நாங்கள் நாள் முழுக்க மண்ணை நுண்ணரிதட்டில் போட்டு அரிப்பது. முதுகு முறியும், ஆனால் கொட்டிலின் கதை அந்தச் சில்லுக்குள்தான் இருக்கிறது.

"அந்தப் பக்கத்தால வராத, கால்ல குத்தும்" என்று உங்கள் அம்மப்பா சொன்னாரே, அதை வாசித்ததும் நான் எழும்பி இருந்துவிட்டேன். அவருக்கு ஓர் எறியும் பக்கம் இருந்திருக்கிறது. போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அது தாத்தாவின் கொட்டில், மூன்று வருடத்தது, பார்ப்பதிலும் அளப்பதிலும் தவறில்லை. பழைய இடம் என்று சந்தேகம் வருகிற எங்கேயும் மட்டும் மண்வெட்டி வைக்க வேண்டாம். 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தொல்பொருளுக்குத் தோண்டுவது குற்றம். அதைவிட, கல் எந்த மண்ணில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் பிறகு அது வெறும் கல்.

---

பொத்துவில் பட்டிக்காரன்:

ரீச்சர், அஸ்ஸலாமு அலைக்கும். நான் படித்தவன் இல்லை. நாற்பது வருடம் மாட்டோடு திரிந்தவன். லகுகலைக்கும் பாணமைக்கும் இடையில் எத்தனை வாடி போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. எருவில் தம்பி சொன்னதில் ஒன்று குறைகிறது.

வாய்க்கால். மாரியில் வாடி போட்டால் முதல் வேலை கூரைத் தண்ணி விழுகிற இடத்தில் சுற்றிவர ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டுவது. இல்லாவிட்டால் படுக்கிற இடத்துக்குள் தண்ணி வரும். கம்பைப் பிடுங்கி அடுத்த வாடிக்குக் கொண்டுபோய்விடுவோம், நல்ல கம்பு லேசில் கிடைக்காது. இலுக்கைக் கறையான் தின்னும். அடுப்புக் கல்லை யாரும் தூக்கிக்கொண்டு போவான். வாய்க்கால் மட்டும் நிற்கும். நான் வாலிபத்தில் போட்ட வாடி ஒன்றின் வளையம் இப்பவும் மழை பெய்தால் தெரியும், அதற்குள் தண்ணி நிற்கும், கோரை பச்சையாக வரும். வாடி எங்கே இருந்தது என்று நான் புல்லைப் பார்த்துச் சொல்வேன்.

இன்னொன்று. ஒரே இடத்தில் கனநாள் இருக்க முடியாது. தெள்ளு வரும், உண்ணி வரும். இருபது முப்பது எட்டுத் தள்ளி மாற்றிப் போடுவோம். அடுத்த வருடம் வந்தால் பழைய இடத்துக்குப் பக்கத்தில்தான் போடுவோம், ஏனென்றால் தண்ணி அங்கேதான். அதனால் நாளைக்கு யாரும் தோண்டினால் பத்து வாடியைக் கண்டுவிட்டு ஒரு ஊர் இருந்தது என்று சொல்லிவிடுவார்கள். இருந்தது நானும் வாப்பாவும் மட்டும்தான்.

வெள்ளைக் கல் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கிறவல் மேட்டில் மாடு மேயும்போது சின்னச் சின்னப் படிகக் கல், ஒரு பக்கம் சவரக் கத்தி போலக் கூர், கைநிறையப் பார்த்திருக்கிறேன். நாம்பன் ஒன்றின் குளம்பில் குத்தி நொண்டியது. அது பழைய ஆட்களின் கல்லாயுதமாக இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு ரோட்டுக்கு கிறவல் ஏற்ற பெக்கோ வந்தது. மூன்று நாளில் மேடு இல்லை, பள்ளம்தான். அந்தக் கல்லெல்லாம் ஏதோ ஒரு ரோட்டுக்கு அடியில் கிடக்கும். நினைத்தால் நெஞ்சு எரிகிறது. இப்ப பொடியன்மார் கையில் போன் இருக்கிறது, கண்டால் எடுத்துவிடாமல் படம் பிடித்துப் பல்கலைக்கழகத்தில் யாருக்கும் காட்டச் சொல்லுங்கள்.

---

எருவில் மண்வெட்டி:

நானா, வாய்க்கால் விசயம் எனக்கு வகுப்பில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. குறித்து வைத்துக்கொண்டேன். பத்து வாடியை ஊர் என்று எண்ணிவிடும் ஆபத்தும் உண்மை. அதைச் சோதிக்க ஒரு வழி, உடைந்த கல்லைப் பொருத்திப் பார்ப்பது. பிரான்சில் பான்ஸ்வான் என்ற ஆற்றங்கரை இடத்தில் 1964 முதல் தோண்டியவர்கள் அப்படிச் செய்தார்கள். ஓர் அடுப்படியில் கிடந்த சில்லு அடுத்த அடுப்படியில் கிடந்த கல்லோடு பொருந்தினால், இரண்டு நெருப்பும் ஒரே காலத்தில் எரிந்திருக்க நல்ல வாய்ப்பு. பொருந்தாவிட்டால் நீங்களும் வாப்பாவும் மாறி மாறிப் போட்ட வாடிகளாக இருக்கலாம்.

இலுக்கைக் கறையான் தின்றாலும் ஒன்று மிஞ்சும். புல்லின் உடம்புக்குள் மணலின் அதே பொருளான சிலிக்கா நுண்ணிய வடிவங்களாகப் படிந்திருக்கும். இலுக்கு கையை வெட்டுவது அதனால்தான். பைத்தோலித் என்பார்கள். இலை உக்கிப்போனாலும் அது மண்ணில் கிடக்கும், நுண்ணோக்கியில் பார்த்தால் புல்லா, பனை வகையா என்று தெரியும்.

---

பனிச்சங்கேணிப் பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். ரீச்சர், அந்தப் பிள்ளையைப் போலவே நானும் பின் வாங்கில் இருந்தவள். நாங்களும் வேடர் வழி. அப்போது இப்படிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். வகுப்பில் இதைச் சொல்லும்போது 'அழிந்துபோன மக்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தமிழ் பேசிக்கொண்டு, களப்பில் மீன் பிடித்துக்கொண்டு, நாங்கள் இங்கேயே இருக்கிறோம். அதேநேரம் பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தியவரின் கொட்டில் அப்படியே எங்கள் பூட்டன் கொட்டில்தான் என்றும் சொல்ல வேண்டாம். எங்களுக்கும் காலம் ஓடியிருக்கிறது. பூட்டனிடம் இரும்புக் கோடாலி இருந்தது.

அம்மம்மா சொன்ன ஒரு விசயம் பயன்படலாம். அவவின் சின்ன வயதில், கொட்டிலுக்குள் யாரும் செத்துவிட்டால் அந்தக் கொட்டிலில் பிறகு அடுப்பு மூட்டமாட்டார்களாம். சட்டி, பாய் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, களப்பின் மறுபக்கம் போய்ப் புதிதாகப் போடுவார்களாம். மற்ற நேரம் கொட்டில் மாறும்போது ஒரு சிரட்டை அகப்பையையும் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். ஆகவே சாமானோடு கிடைக்கிற கொட்டில் ஒன்று, சாமானே இல்லாமல் கிடைக்கிற கொட்டில் ஒன்று. இரண்டும் ஒரே ஆட்களாக இருக்கலாம். தோண்டுகிறவர்களுக்கு இது தெரியுமா?

---

எருவில் மண்வெட்டி:

அக்கா, தெரிய வேண்டியவர்களுக்கே பல நேரம் மறந்துபோகிற விசயம் இது. செலிக்மன் தம்பதியர் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர்கள் 1908 அளவில் உள்நாட்டு வேடரோடு இருந்தபோது, சாவு நடந்த குகையை விட்டு விலகி நீண்ட காலம் திரும்பாமல் இருக்கும் வழக்கத்தைக் குறித்திருக்கிறார்கள். கரையோர வேடரையும் அவர்கள் பார்த்தார்கள். உங்கள் அம்மம்மா சொன்னதை அவ சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். ஊர், களப்பு, யார் செத்தது, எதை விட்டுப் போனார்கள், எல்லாம்.

---

வாகரை ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை போய் வந்தோம். ஒன்பது பிள்ளைகள், என் தம்பி, நான். கேள்வி கேட்ட பிள்ளையின் தகப்பனும் யானைக்காக முன்னால் நடந்தார்.

கம்பு நாலில் ஒன்றுதான் நின்றது, அதுவும் கறையான் தின்று விரல் மொத்தத்துக்கு. மற்ற மூன்றுக்கும் குழியைப் பிள்ளைகள் தேடினார்கள், இரண்டு கிடைத்தது. அடுப்புக் கல் இரண்டு இருந்தது. மூன்றாவதை யாரோ எடுத்திருக்கிறார்கள். கம்புக்குக் கம்பு கயிறு பிடித்து அளந்தோம். ஒரு பக்கம் ஒன்பது அடி, ஒரு பக்கம் பத்து அடி. வாய்க்கால் முதலில் தெரியவில்லை. பொத்துவில் ஐயா சொன்னபடி புல்லைப் பாருங்கள் என்றேன். காய்ந்த புல்லில் ஒரு வளையம் மட்டும் உயரமாக நின்றது. கண்டது அந்தப் பிள்ளைதான். ஓடிப்போய் அதன்மேல் ஓரடி விட்டு ஓரடி வைத்து நடந்து சுற்றி வந்தாள், மற்றவர்கள் பின்னால்.

'குத்தும்' பக்கமும் கிடைத்தது. அடுப்பிலிருந்து கிழக்கே, வளையத்துக்கு வெளியே, கிட்டத்தட்ட ஐந்தடி நீளத்துக்கு: ரின்மீன் பேணி நாலு, உடைந்த போத்தல், சோளன் தண்டுக் கட்டை, முள்ளுக்கம்பித் துண்டு, ஒரு சுண்ணாம்புப் பேணி மூடி. உள்ளே ஒன்றும் இல்லை. தரையில் முகம் வைத்துப் பார்த்த பொடியன் ஒருவன்தான் பாக்குச் சீவல் சில்லுகளையும் ஒரு பொத்தானையும் கண்டான், அடுப்புக்கு மிகப் பக்கத்தில். பொத்தானை எடுக்க விடவில்லை. படம் பிடித்துவிட்டு அங்கேயே விட்டோம்.

எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. அடுப்பைச் சுற்றிப் புல் முளைக்காமல் இறுகிப்போன தரை ஓர் அரை வட்டமாக இருந்தது, ஆனால் அகலம் இரண்டு அடிதான். அம்மப்பா ஆறடி ஆள். இதில் எப்படி நீட்டிப் படுத்திருப்பார்? எருவில் தம்பி, உங்களிடம் கேட்க வேண்டும் என்று அதையும் அளந்து வந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். அம்மா கனநேரம் பார்த்தா. "அவர் சேனையில நீட்டிப் படுத்ததே இல்லடி. நெருப்பச் சுத்தி வளைஞ்சு, முதுகக் கம்புல குடுத்து, காலை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித்தான் கிடப்பாரு. கண்ணத் துறந்தா முதல்ல நெருப்புத் தெரியணுமாம்."

திங்கட்கிழமை அந்த அளவுக்கு வகுப்பறைத் தரையில் சோக்கால் கீறப் போகிறேன்.